டைனமோவில் பதிந்த கச்சேரி

1992இல் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே பெரிய காரியம் என் தங்கையின் பியானோக் கச்சேரி. ஆனி மாதம், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு. தேதி எது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. சனிக்கிழமை என்பதில் மட்டும் சந்தேகமில்லை, ஏனென்றால் மறுநாள் ஆராதனைக்குச் சனம் இருக்கத் தேவாலய மண்டபத்து வாங்குகளைத் திரும்ப அடுக்கியவள் நான்.

அவளுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பியானோத் தேர்வுக்குப் பரீட்சகர் வருவது சண்டையோடு நின்றுபோயிருந்தது. நேரில் வர முடியாதவர்கள் தனியாக வாசித்த முழுக் கச்சேரி ஒன்றைக் கசற் நாடாவில் பதிந்து அனுப்பலாம் என்று இங்கிலாந்தில் ஓர் இசைக் கல்லூரி அறிவித்திருந்தது. தேறினால் அங்கேயே படிக்க எடுப்பார்கள். வாசிப்பது எல்லாம் ஒரே இசையமைப்பாளருடையதாக இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு இருபத்தைந்து நிரம்பியிருக்கக் கூடாது. மார்கழியில் அவளுக்கு இருபத்தைந்து. ஆகவே அந்த ஒரு தடவைதான்.

யாரை வாசிப்பது என்று யோசிக்க இடமிருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்துக்காரர் ஒருவருடைய இசைத்தாள்கள் மட்டுமே எங்களிடம் குறைவில்லாமல் இருந்தன. இளம் வயதில் ஊரை விட்டுப் போய், திரும்பாமலே பாரிசில் இறந்தவர். அவரைப் பற்றி வாசித்ததையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லுவேன். தங்கை காதில் வாங்கமாட்டாள்.

"அக்கா, அவரின்ரை சோகத்தை நீயே வைச்சிரு. எனக்கு இடக்கைச் சின்னவிரல்தான் சோகம்."

வாசிப்பதைவிடப் பதிவதுதான் பெரும் பாடு. இரண்டு வருடமாக மின்சாரம் இல்லை. எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வர அரசாங்கம் விடாது. எல்லாரையும்போல நாங்களும் சைக்கிள் டைனமோவில்தான் பாட்டுக் கேட்டோம். ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். பாட்டு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அது எங்கள் காதுக்குப் பழகிவிட்டது.

தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் தானே மிதிக்கிறேன் என்று வந்தார். இணுவில்காரர். கோயில் திருவிழாக்களில் தவிலுக்கு முன்னால் குந்தியிருந்து வளர்ந்தவர். சங்கிலிச் சத்தம் பதியாமல் இருக்க, சைக்கிளைத் தேவாலய மண்டபத்துக்கு வெளியே, ஜன்னலுக்குக் கீழே ஸ்ராண்டில் நிறுத்தி, வயரை உள்ளே ரேப் ரெக்கோடருக்கு எடுத்தோம். கடலுப்பில் துருவேறிய பழைய பியானோவைத் தங்கை தன்னால் இயன்ற அளவுக்குச் சுருதி கூட்டி வைத்திருந்தாள்.

"உந்த மனிசன் கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ எழுதினவர்?" என்று சைக்கிள்காரர் ஜன்னலுக்கால் கேட்டார்.

"ரெண்டுக்கும்தான், அண்ணை" என்றாள் தங்கை.

"அப்ப எங்கடை ஆள்தான். தொடங்கு பிள்ளை, நான் ரெடி."

வாங்குகளில் பாதிரியாரும், அம்மாவும், ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். தங்கை அன்றைக்கு வாசித்ததுபோல அதற்குமுன் நான் கேட்டதில்லை. இடையில் ஒரு ஹெலிகொப்டர் போனது. அடுத்த உருப்படியைத் தொடங்காமல், மடியில் கையை வைத்துக்கொண்டு சத்தம் தேயும்வரை இருந்தாள். எங்களில் ஒருவரும் எழும்பி ஓடவில்லை. முடிந்தபோது சைக்கிள்காரரின் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிரம்பியிருக்கும்.

"தவில்காரருக்கும் இப்பிடி மாரடிக்கேல்லை நான்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

அவரே திரும்ப மிதிக்க, பதிந்ததைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தோம். ஏறி இறங்கித்தான் கேட்டது. எதைப் போட்டாலும் அப்படித்தானே கேட்கும்? இப்போது மிதிப்பதால் வரும் ஆட்டம் என்றே எல்லாரும் நினைத்தோம். கசற்றைத் துணியில் சுற்றி, தரைப்பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலால் கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தோம். அங்கிருந்து மாமா இங்கிலாந்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

மார்கழி பிறந்தபின் அடுத்த வீட்டு மாமி கொழும்பிலிருந்து திரும்பி வந்தார். பையிலிருந்து அதே கசற்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கோவிக்காதை பிள்ளை. உன்ரை மாமா அனுப்பேல்லை. தன்ரை மெஷின் பழுதெண்டு நினைச்சுப் பக்கத்து வீட்டிலையும் கொண்டுபோய்ப் போட்டவர். நானும் இருந்து கேட்டனான். வேகமாப் போகவேண்டிய இடம் மாடு நடக்கிற மாதிரி, ஆறுதலாப் போற இடம் எலி ஓடுற மாதிரிக் கிடக்கு. திரும்ப ஒருக்கால் பதிஞ்சு அனுப்பட்டாம்."

தங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. இசை விரைந்த இடத்திலெல்லாம் சைக்கிள்காரர் விரைவாக மிதித்திருக்கிறார். அது தணிந்த இடத்தில் அவருடைய காலும் தணிந்திருக்கிறது. வேகமாக ஓடிய நாடாவில் பதிந்தது, சீரான மின்சாரத்தில் மெதுவாக, கீழ்ச் சுருதியில் கேட்கும். மெதுவாக ஓடியதில் பதிந்தது கீச்சிட்டுக்கொண்டு பறக்கும். தாளம் கேட்டால் சும்மா இருக்காத கால். ஒரு நொடிகூட அவர் கவனம் தவறவில்லை.

திரும்பப் பதிந்து, கடல் கடந்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து இங்கிலாந்து போவதற்குள் அவளுக்கு இருபத்தைந்து நிரம்பிவிடும்.

"அந்த அண்ணைக்குச் சொல்லிப்போடாதை" என்று மட்டும் தங்கை என்னிடம் சொன்னாள்.

அதன்பிறகு ஞாயிறுப் பாட்டுகளுக்கு மட்டுந்தான் பியானோவைத் திறந்தாள். போலந்துக்காரரின் தாள்களைக் கட்டிப் பரணில் போட்டாள். சைக்கிள்காரர் எங்களைக் காணும்போதெல்லாம் கேட்பார்.

"என்னவாம் பிள்ளை, லண்டன்காரர்?"

"இன்னும் ஒண்டும் வரேல்லை, அண்ணை."

"வரும், வரும். நான் சிந்தின வேர்வைக்கெண்டாலும் வரத்தானே வேணும்!"

1993இலும் கேட்டார். 1994இலும் கேட்டார். எங்கள் தெருவில் அதை நினைவு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

1995 ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டது. விடிந்தபிறகும் நாங்கள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை. மழை தூறியது. முன்னாலும் பின்னாலும் சனம், ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம் பிடித்தது. நெரிசலுக்குள் அவரைக் கண்டோம். சைக்கிளில் இரண்டு மூட்டையும் ஒரு பாயும். அப்போதும் அதைத்தான் கேட்டார்.

தங்கை சனத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கம் நெருங்கினாள்.

"ஓம் அண்ணை. வந்திட்டுது. என்னை எடுத்திட்டினம்."

அவர் சைக்கிளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தலைக்குமேல் தூக்கினார். "நான் சொன்னனான் எல்லே! பிறகேன் பிள்ளை உந்தச் சனத்துக்குள்ளை நிண்டு நனையிறாய்? போவன்!"

"போறன்" என்றாள் தங்கை.

பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். அவர் ஒரு பக்கமாக ஒதுங்கி, அவளுக்கு வழி விடச் சொல்லி முன்னால் நின்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விட ஒரு இடமும் இருக்கவில்லை.