இரண்டாவது செட்டர்

ஆட்டத்துக்கு ஆட்டம் நான் வேறொருவனாக இருந்தேன். ஒருமுறை திருச்சியின் உயரமான ஆள். மறுமுறை தூத்துக்குடிப் பக்கத்து இடதுகைக்காரர். பந்து வருமுன் உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்ளும் மதுரைக்காரனாக மட்டும் மூன்று முறை. என்னை என் பெயரால் கூப்பிடுவதையே அணியில் மறந்திருந்தார்கள். மாலையில் மைதானத்துக்குள் நுழைந்தால், இன்றைக்கு யாரு என்றுதான் கேட்பார்கள்.

வாலிபாலில் செட்டர் அடிக்க மாட்டான். முதல் ஆள் வாங்கிக் கொடுக்கும் பந்தை விரல்நுனியில் ஏந்தி, அடிப்பவனுக்குத் தூக்கிக் கொடுப்பான். இடப்பக்கமா, வலப்பக்கமா, முதுகுக்குப் பின்னாலா, எவ்வளவு உயரத்தில், எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவன் முடிவு. வலைக்கு அந்தப் பக்கம் தடுக்க நிற்பவர்கள் பந்தைப் பார்ப்பதில்லை. செட்டரின் தோளையும் மணிக்கட்டையும்தான் பார்ப்பார்கள். ஆறு பேர் ஆட்டமும் ஒருவன் விரல்களின் வழியாகத்தான் போகிறது. எங்கள் அணியில் அந்த ஒருவர் சின்னமனூர்க்காரர். நான் அவருக்கு அடுத்தவன். ஏழு வருடமாக அடுத்தவன்.

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த வியாபாரி ஒருவருக்கு வாலிபால் என்றால் உயிர். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் கடையில் வேலை போட்டுக் கொடுத்து, சரக்கு வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் மைதானமும் அமைத்துக் கொடுத்திருந்தார். காலையில் காய் சலிப்போம், மூட்டை பிடிப்போம். நான்கு மணிக்குக் கை கழுவிவிட்டு வலை கட்டுவோம். கழுவினாலும் போகாது. எங்கள் பந்துகளில் எப்போதும் ஏலக்காய் மணக்கும். வெளியூர் அணிகள் பந்தை வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரிக்கும்.

எங்கள் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. அடுத்து மோதப்போகும் அணி எங்கே ஆடினாலும் என்னை பஸ் ஏற்றி அனுப்புவார். ஊர் ஊராகப் போய், வலையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, எதிரணியின் செட்டரை மட்டும் பார்ப்பேன். பந்து எங்கே போயிற்று, யார் ஜெயித்தார்கள், எதுவும் எனக்கு வேண்டாம். அவன் மூச்சு விடும் விதம் வேண்டும். எந்தக் காலில் பாரம் வைக்கிறான், பொய் சொல்லும்போது கண் எங்கே போகிறது, களைத்தபின் எந்தப் பந்தை நம்புகிறான் என்பதெல்லாம் வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பேன். போடி வந்து சேர்வதற்குள் அவன் என் கைக்குள் வந்திருப்பான். பிறகு பத்து நாள் பயிற்சியில் எதிர்ப்பக்கம் நின்று அவனாகவே பந்து கொடுப்பேன். எங்கள் ஆட்கள் என்னைத் தடுத்துத் தடுத்து அவனைத் தடுக்கக் கற்றுக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நிஜமான அவன் எதிரே வந்து நிற்கும்போது நான் பெஞ்சில் இருப்பேன், தோளில் துண்டோடு.

பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். சின்னமனூர்க்காரருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நினைத்திருக்கிறேன். ஒருமுறை வந்தது. மிளகு ரசம் வாங்கிக்கொண்டு ஓடியவனும் நான்தான். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு ஆட்டம் நீ ஆடிரு தம்பி" என்றார். மறுநாள் காலையில் காய்ச்சல் இறங்கி, அவரே ஆடினார். அவர் மீது கோபம் வரவில்லை. காய்ச்சல் மீது வந்தது.

ஆடி மாதம். காமயகவுண்டன்பட்டியில் போட்டி. எதிரணி கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலை ஒன்றின் அணி. அவர்களுடைய செட்டர் எங்கள் வட்டாரத்தில் பெரிய பேச்சு. இடப்பக்கம் பார்ப்பான், வலத்தோளை ஒரு விரல்கடை இறக்குவான், பந்து முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவனை இரண்டு ஊர்களில் பார்த்து வந்தேன். அவ்வளவு சுத்தமாக இன்னொருவன் எனக்குள் வந்ததில்லை. பத்தாவது நாள் சின்னமனூர்க்காரரே வலையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

அன்று மாலையே கிட்டங்கிப் படியில் அவர் கால் பிசகியது. சனிக்கிழமை காலை முட்டி பூசணி மாதிரி வீங்கியிருந்தது.

மாஸ்டர் என்னைக் காய் சலிக்கும் இடத்திலிருந்து தனியே கூப்பிட்டார். சுற்றி வளைக்கிற ஆள் இல்லை அவர். சின்னமனூர்க்காரர் இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்ளப் போகிறார், தூத்துக்குடியில் புதுப்பையன் ஒருவனிடம் முதலாளி பேசி வைத்திருக்கிறார் என்றார். பிறகு சொன்னார்:

"நான்தான் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். நாளைக்கு முதலாளி நேர்ல வாராக. நீ ஆடிக் காட்டிட்டா அந்த இடம் உனக்கு. இல்லாட்டி என் பேச்சு எடுபடாதுப்பா."

ஏழு வருடத்துக்கும் ஒரு பிற்பகல்.

அந்த மைதானத்துக்கு ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், மறுபக்கம் தென்னை. ஆடிக்காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கிப் பந்தலைத் தாண்டி வந்து, ஆளின் நெற்றி உயரத்துக்கு மேல் எதையும் நேராகப் போகவிடாது. அந்தக் காற்று எனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். கைகள் அமைதியாக இருந்தன. கைகளை நம்பினேன். அதுதான் தப்பு.

முதல் பந்து. வாங்கினேன், இடப்பக்கம் பார்த்தேன், பின்னால் கொடுத்தேன். அழகான பந்து. எங்கள் ஆள் எழும்பி அடித்தான். அவன் எழும்புமுன்பே அங்கே நான்கு கைகள் சுவராக நின்றன. இரண்டாவது பந்தும் அப்படியே. ஐந்தாவது பந்தும். கூட்டம் முதலில் உச்சுக்கொட்டியது, பிறகு சிரித்தது. முதல் செட் எதிரணிக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் கூடலூர்க்காரர், அணியிலேயே பெரிய அடிக்காரர், குமுளிப் பக்கம் பிழைத்ததில் மலையாளம் கலந்து பேசுகிறவர், என்னிடம் வந்து நின்றார்.

"பந்து நல்லாத்தான்டா வருது. அவனுக எப்படி முன்கூட்டியே நிக்கிறானுக? நீ என்ன தந்தி அடிச்சா விடுற?"

எனக்குப் புரியவில்லை. இடைவேளை கேட்டு பெஞ்சுக்குப் போனோம். சின்னமனூர்க்காரர் முட்டியில் ஐஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தவருக்கு முகம் ஒரு மாதிரியானது. சிரிப்பா, பரிதாபமா, தெரியவில்லை.

"தம்பி, நீ அவனாவே ஆடிக்கிட்டிருக்க. அந்தத் தோளு, அந்தப் பார்வை, எல்லாம் அவன்தான். அவனுக தினந்தினம் தடுத்துப் பழகுறது யாரை? அவனைத்தான?"

பத்து நாள் உழைத்து அவர்களுடைய ஆளை அவர்களிடமே கொண்டுவந்து இறக்கியிருந்தேன். அவர்கள் வீட்டுச் சாமானைப் போல என்னை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"உன்னைய மாதிரி ஆடு," என்றார்.

அதற்கு நான் என்ன செய்வேன். தேடினேன். உள்ளே ஒரு கூட்டமே நின்றது. அதில் என் முகத்தோடு எவனும் இல்லை. சின்னமனூர்க்காரரைப் போல ஆடலாமா என்று யோசித்தபடி எதிரணியின் பெஞ்சைப் பார்த்தேன். தோளில் துண்டோடு என்னைப் போலவே ஒல்லியாக ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய இரண்டாவது செட்டர். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அந்த ஆள் பத்து நாளாகச் சின்னமனூர்க்காரராக இருந்திருக்கிறார்.

முதல் செட் போய்விட்டது. இரண்டாவதில் கூட்டத்தை அவிழ்த்துவிட்டேன். ஒரு பந்துக்குத் திருச்சிக்காரர், அடுத்ததற்கு இடதுகைக்காரர், பிறகு உதட்டை நனைத்துக்கொண்டு மதுரைக்காரன். வலைக்கு அப்பால் தடுப்பவர்கள் தடுமாறினார்கள். ஒருவன் இடதுகையால் தள்ளி அடுத்த நொடியே இன்னொருவனாகத் திரும்பினால் யாரைப் பார்த்து எழும்புவது? கூடலூர்க்காரர் தடுக்கக் கைகளில்லாத வலைக்கு மேலே அடித்துக்கொண்டே இருந்தார். கூட்டம் எழுந்து நின்றது. மாஸ்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது செட் எங்களுக்கு. நாற்காலியில் முதலாளி முன்னால் நகர்ந்து உட்கார்ந்ததைக் கண்ணோரத்தில் பார்த்தேன்.

பதினைந்து புள்ளிக்கு ஆடும் கடைசி செட்டில், பத்துப் பத்து என்று நின்றபோது, ஆட்கள் தீர்ந்துபோனார்கள். எல்லோரையும் ஒருமுறை போட்டாயிற்று. எதிரணி ஒவ்வொருவரையும் இனம்கண்டுகொண்டது. அடுத்த பந்து வந்தபோது என்னிடம் யாருமில்லை. கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று தெரியாது. அடிபட்டு விழுந்தது, புள்ளி எங்களுக்கு. இன்னொன்று, இன்னொன்று. ஒன்று போனது, ஒன்று வந்தது. பயத்தில் என் கைகளைப் பார்க்கவே இல்லை. நாங்கள் பதின்மூன்று, அவர்கள் பதினான்கு.

கடைசிப் பந்தை எங்கள் ஆள் சரியாக வாங்கவில்லை. அது எல்லைக்கோட்டை நோக்கித் தெறித்தது. துரத்தினேன். யாராகவும் மாற நேரமில்லை. திரும்பிப் பார்க்காமல் உயரமாக இடப்பக்கம் அனுப்பினேன், கூடலூர்க்காரருக்கு. அவர் எழும்பிவிட்டார். பந்தலைத் தாண்டி வந்த காற்று பந்தை ஒரு சாண் உள்ளே தள்ளியது. அவருடைய விரல்நுனியில் பட்டு அது வலையில் விழுந்து, வலையோடே வழிந்து, எங்கள் பக்கம் மண்ணில் நின்றது.

அது நல்ல பந்தா, கெட்ட பந்தா என்பது நாற்பத்தாறு வயதிலும் எனக்குத் தீரவில்லை. கம்பம் போகிற பஸ்ஸில் அந்தத் திராட்சைப் பந்தல்களைக் கடக்கும்போதெல்லாம் காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார்க்கிறேன்.

முதலாளி எல்லோருக்கும் கை கொடுத்தார். எனக்கும்தான். பிறகு மாஸ்டரோடு தென்னைக்கு அடியில் நின்று பேசினார். மாஸ்டர் திரும்பி வந்தபோது நான் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன், அது எங்கள் வலை இல்லை என்றுகூடத் தெரியாமல்.

"கடைசிப் பந்துக்காக இல்லப்பா," என்றார். "மொத செட்ல அடிக்கிறவனுக மனசு விட்டுப்போச்சு. தூத்துக்குடி ஆள வரச் சொல்லிட்டாக."

சரி மாஸ்டர் என்றேன். வேறு என்ன.

எதிரணியின் இரண்டாவது செட்டர் இரண்டு பன்னீர் சோடாவோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, அனுமதி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தார். கொங்குப் பேச்சு. "நீங்க பத்து நாளா எங்காளா இருந்தீங்க போல" என்றார். "நான் பத்து நாளா உங்க சின்னமனூர்க்காரருங்க. இன்னைக்கு அவர் இறங்கலீன்னதும் எனக்கு அழுகையே வந்துருச்சுங்." இருவரும் சிரித்தோம். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஒன்பது என்றார்.

சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலை வைத்துவிட்டு அவர் எழுந்தார்.

"மூணாவது செட்ல, பத்துக்கப்புறம், நீங்க ஒன்னு பண்ணுனீங்க. யாரோடதுன்னு தெரியலீங். இந்தப் பக்கத்துல நான் பாக்காத செட்டர் இல்ல."

செய்து காட்டினார். இடது குதிகாலைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கினார். தலை சாயவில்லை, கண் எங்கும் போகவில்லை. கட்டைவிரல்கள் இரண்டும் உள்ளே மடங்கி, இல்லாத ஒரு பந்தை இமைப்பொழுது கூடுதலாக வைத்திருந்து விட்டன. அவசரமே இல்லாத கைகள். பார்த்துக்கொண்டே இருந்தேன். இன்னொரு முறை என்றேன். இன்னொரு முறை செய்தார்.

"அடுத்த தடவ உங்க எதிர்க்க வர்றப்போ வேணும்ல? அதான் புடிச்சு வெச்சுக்கிட்டனுங்."

அடுத்த தடவை இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூத்துக்குடிக்காரன் அடுத்த வாரமே வந்தான். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனை அழைத்துவந்தவன் நான். நல்ல கை, குறை சொல்ல முடியாது. அடுத்த ஆட்டம் மதுரையோடு. நான் நான்காவது முறையாக மதுரைக்காரன் ஆனேன். வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று, உதட்டை நனைத்துக்கொண்டு, பந்து பந்தாகக் கொடுத்தேன். கூடலூர்க்காரர் எல்லாவற்றையும் தடுத்தார். மூன்று தடவை பழகியதுதானே.

வெயில் இறங்கும் நேரம். ஒரு பந்து வந்தது. இடது குதிகாலைத் தூக்கினேன். கட்டைவிரல்களை உள்ளே மடக்கி, இமைப்பொழுது கூடுதலாக வைத்திருந்து, விட்டேன். கூடலூர்க்காரர் தப்பான இடத்தில் எழும்பி, தப்பான நேரத்தில் இறங்கி, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, இது யாரு பந்து?"

ஏலக்காய் மணக்கும் பந்தைக் கையில் உருட்டினேன்.

"மதுரைக்காரன் பந்துதான். எப்பயாச்சும் ஒண்ணு போடுவான்."

"நான் பாத்ததே இல்லயே?"

"நீங்க தடுக்கத்தான பாப்பீக. நான்ல உக்காந்து பாக்குறேன்."

"மதி, மதி. போதும். பேசாம இன்னொண்ணு போடு."

போட்டேன். இன்னொன்று கேட்டார். மற்றவர்கள் துண்டை உதறிக் கிளம்பிய பிறகும், பந்து கண்ணுக்குத் தெரிகிறவரை, அதையே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றைத் தடுத்தும்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முழுக்க கூடலூர்க்காரர் அந்தப் பந்துக்காகக் காத்திருந்தார். மதுரைக்காரன் கை உயரும்போதெல்லாம் அவன் இடது குதிகாலைப் பார்த்தார். அது ஒருமுறையும் தரையை விட்டு எழவில்லை. பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன்.