தாய்லாந்துக்கு முன் சில ஒத்திகைகள்

பம்பாய்ச் செம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில், பிப்ரவரி முடிவதற்குள்ளாகவே மே மாதத்தைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். லிஃப்டில் கேட்பார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட வாசலில் நிற்கும்போது கேட்பார்கள். இந்தத் தடவை எங்கே என்பதுதான் கேள்வி. ஊருக்கு என்று சொன்னால், அது இருக்கட்டும், டூர் எங்கே என்று மறுபடி கேட்பார்கள். ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து திருநெல்வேலிக்குப் போய்வருவது சுற்றுலாவில் சேராது என்று எங்கள் கட்டடத்தில் எப்போதோ முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் நான் அதற்குக் கட்டுப்பட்டு, ஊருக்குப் போவதையே கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்லப் பழகியிருந்தேன்.

மேல் மாடியில் இருப்பவர் என் மகளின் உயிர்த்தோழியுடைய அம்மா. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். எந்த வேலையையும் கையில் எடுத்தால் முடித்துவிட்டுத்தான் விடுவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குடும்பங்கள் நான்கு சேர்ந்து தாய்லாந்து போனால் ஏஜென்ட் நல்ல விலை தருகிறார் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். மூன்று குடும்பங்கள் சேர்ந்தாயிற்று. நான்காவதாக எங்களைக் கேட்டார். நான் சிரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஒரு புதிய குழு பிறந்து, அதில் நானும் இருந்தேன். குழுவின் படமாக ஒரு யானையும் ஒரு படகும் இருந்தன.

எனக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. அப்போதே சொல்லியிருக்கலாம் என்று குளிக்கும்போது தோன்றும், சமைக்கும்போது தோன்றும், மறுபடி லிஃப்டில் அவரைப் பார்த்தால் மறந்துபோகும்.

எங்களிடம் பணமே இல்லை என்று சொல்ல முடியாது. அதுதான் சிக்கல். வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. அது என் பி.எட். படிப்புக்காகச் சேர்த்தது. நான் கணிதத்தில் முதுகலை முடித்து ஒரு டியூஷன் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். இனிப் பள்ளியில் வேலை வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இடம் கிடைத்தால் ஜூலையில் கட்டணம் கட்ட வேண்டும். தாய்லாந்துக்குப் போனால் அந்தப் பணம் போய்விடும்.

என் கணவர் வாஷியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். நல்ல மனிதர். மகள் தன் தோழிகளுக்கு முன்னால் குறைந்துவிடக் கூடாது என்ற கவலை என்னைவிட அவருக்கு அதிகம்.

"பி.எட். அடுத்த வருஷமும் இருக்கும்லா" என்றார்.

"போன வருஷமும் இதைத்தான் சொன்னோம்" என்றேன்.

ஏப்ரல் கடைசிக்குள் ஏஜென்டிடம் முழுப் பணத்தையும் கட்ட வேண்டும் என்று குழுவில் செய்தி வந்தது. அதற்குக் கீழே நானும் ஒரு கட்டைவிரலை உயர்த்திவைத்தேன்.

வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முழுமூச்சாகக் கவலைப்படுவது. தாய்லாந்துப் பயணத் திட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு வரிவரியாகக் கவலைப்பட்டேன். இரண்டாம் நாள் விசைப்படகில் தீவுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. என் மகளுக்குச் சயானிலிருந்து தாதர் போவதற்குள் டாக்ஸியில் வாந்தி வரும். நடுக்கடலில் என்ன செய்வது? யோசித்து யோசித்து, முதலில் இங்கேயே ஒரு படகில் ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து அக்கரையில் உரண் பக்கம் இருக்கும் மோராவுக்குப் படகு போகிறது. டாக்யார்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் போதும். செலவு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒத்திகை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

என் அம்மா தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறாள். அவளிடம் போனில் சொன்னேன்.

"அங்க போய் வாந்தி எடுக்கதுக்கு இங்கயே ஒரு தடவை எடுத்துப் பாக்கப் போறியளோ? நல்லாருக்குட்டி ஒங்க படிப்பு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். கொஞ்ச நேரப் படகுச் சவாரிக்கு நான் கட்டிய மூட்டையைப் பார்த்தால் யாரும் திருநெல்வேலி ரயிலுக்குத்தான் போகிறோம் என்று நினைப்பார்கள். பொடி தடவிய இட்லி, எலுமிச்சம்பழம், மாற்று உடை, துண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல், அப்புறம் கணக்கில்லாத பிளாஸ்டிக் உறைகள். படகில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் புது சீலிங் ஃபேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே காலிக் கூடைகளோடு மீன்காரப் பெண்கள். டீசல் வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து அடித்தன. நான் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தூரத்தில் நின்ற பெரிய கப்பல்களைப் பார்த்து, அவற்றுக்குள் எத்தனை வீடு இருக்கும், லிஃப்ட் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெகுநேரமாகக் கணவரின் குரலே கேட்கவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் நிறம் மாறியிருந்தார். மீன்காரப் பெண்கள் சிரித்துக்கொண்டே கூடைகளை நகர்த்திக்கொண்டார்கள். என் மகள்தான் பையிலிருந்து உறையை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். டாக்ஸியில் நான் அவளிடம் சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவரிடம் இந்தியில் சொன்னாள். மூச்சை நீளமாக இழு, வெளியே பார், இதோ வந்துவிட்டது. அப்படியொரு அதிகாரம் அவள் குரலில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

உரண் கடற்கரையில் இட்லியைத் தின்றுவிட்டு, மகள் கால் நனைத்தாள், நான் பத்திரம் பத்திரம் என்றேன். திரும்பும்போது அவர் படகைத் திரும்பிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். உரணிலிருந்து இப்போது லோக்கல் ரயில் வருகிறது என்று அங்கேதான் எங்களுக்குத் தெரிந்தது. புத்தம்புதிய ஸ்டேஷன், காலியான பெட்டி, ஜன்னலோர இருக்கை. பம்பாயில் பிறந்து வளர்ந்த எனக்குக் காலியான ரயில் பெட்டி என்பதே ஒரு வெளிநாடு. நெருலில் மாறி, வாஷியைத் தாண்டும்போது அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "அதில்ல, ஸ்டேஷனைப் பாத்தாலே இறங்கணும்போல இருக்கு" என்றார்.

படகு சரியாகிவிட்டது. அடுத்த கவலை, வெளி இடத்தில் மகள் தூங்குவாளா, சாப்பிடுவாளா என்பது. வீட்டில் தயிர்சாதத்தை விட்டு நகராத பிள்ளை அவள். அதற்கும் ஓர் ஒத்திகை வைத்தேன். பன்வேல் போய் அங்கிருந்து சிவப்பு எஸ்.டி. அரசு பஸ்ஸில் அலிபாக் பக்கம் கடலோரத்தில் இறங்கி, ஒரு மீனவர் வீட்டு மாடி அறையில் ஓர் இரவு தங்கினோம். வீட்டுக்கார அம்மா பாக்ரி என்னும் அரிசி ரொட்டியும் மீன் குழம்பும் வைத்தார். மகள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாகவும் கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. படுத்ததும் தூங்கிப்போனாள். நான்தான் தாழ்ப்பாளைப் பார்க்க எழுந்து எழுந்து போனேன்.

காலையில் அவர்கள் இருவரும் எழுவதற்கு முன்பு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தேன். வலைகளை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து எதைச் சரிபார்க்க வேண்டும் என்று பழக்கத்தில் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

அதற்குப்பிறகு ஒத்திகைகளுக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. தாய்லாந்துக் கோயில்களில் படி ஏற வேண்டியிருக்கும் என்று சொல்லி ஒரு மலைக் கோட்டைக்குப் போனோம். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லி மாட்டுங்காவில் ஒரு பழைய இட்லிக் கடை வாசலில் வரிசையில் நின்றோம். வியாழக்கிழமை ஆனால் கணவரே, இந்த வாரம் என்ன ஒத்திகை என்று கேட்கத் தொடங்கினார். மாத்திரை போட்டுக்கொண்டு படகிலும் இன்னொரு முறை ஏறிப் பார்த்தார். முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக உறை தேவைப்பட்டது.

ஏப்ரல் முடிய ஒரு வாரம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மகள் கேட்டாள்.

"மம்மி, தாய்லாந்து போயிட்டு வந்தா ஒத்திகை பந்த் ஆயிடுமா?"

"ஆமா. அதுக்குத்தானே இதெல்லாம்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். "அப்ப தாய்லாந்தை அடுத்த வருஷம் வச்சுக்கலாம். ஒத்திகை இன்னும் சரியா வரல. பப்பா இன்னும் போட்ல உல்டி எடுக்காரு, உறை கேக்காரு."

கணவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் பி.எட்.டைத் தள்ளி வைக்கச் சொன்னேன். இவ தாய்லாந்தைத் தள்ளி வைக்கச் சொல்லுதா" என்றார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு, "இவ சொல்லுததுதான் சரி" என்றார்.

மேல் மாடியில் போய்ச் சொல்வது மட்டும் பாக்கி. அதற்கும் வீட்டில் ஒத்திகை பார்த்தேன் என்றால் நம்ப வேண்டும். கணவர் அந்த அம்மாவாக நடித்தார். அந்த அம்மாவின் அக்ரகாரத் தமிழ் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. சிரித்துச் சிரித்து, சொல்ல வேண்டியதே மறந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது சிரிப்பு போய்விட்டது. நாங்கள் விலகினால் மற்ற மூன்று குடும்பங்களுக்கும் விலை ஏறும். அதை என்னால் மாற்ற முடியாது.

அவர் கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே சொன்னேன். நாங்க வரல. அந்தப் பணம் என் படிப்புக்கு வச்சது. எனக்குப் படிக்கணும்.

"மொதல்லயே சொல்லிருக்கலாமே" என்றார். "நாலு குடும்பம்னு நான்தானே ஏஜென்ட்கிட்ட பேசி வெச்சிருக்கேன்."

அவர் சொன்னது நியாயம்தான். தப்பு என்னுடையது என்றேன்.

"ஆத்துல பணம் இல்லேன்னு நான் நெனச்சுப்பேன்னு பயந்தேளா?"

"ஆமா."

"நெனச்சிருப்பேன்" என்றார். "ரெண்டு நாள் நெனச்சுட்டு மறந்திருப்பேன். எனக்கு வேற வேலை இல்லையா?"

கோபமாகத்தான் சொன்னார். எனக்கு எதிரிலேயே போனை எடுத்து முலுண்டில் இருக்கும் தன் தங்கையைக் கூப்பிட்டு, மே மாதம் அவர்கள் எங்கே போவதாக இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். நான் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு இறங்கினேன். தங்கை குடும்பம் நான்காவதாகச் சேர்ந்துகொண்டது என்று பிறகு தெரிந்தது. சில வாரங்கள் லிஃப்டில் அவர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார். அதையும் தாங்கிக்கொள்ள முடிந்தது. இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் அந்த வாரங்களில் லிஃப்டை விட்டுப் படியில்தான் பெரும்பாலும் இறங்கினேன்.

எனக்கு இடம் கிடைத்தது. ஜூலையில் கட்டணம் கட்டினேன். இப்போது காலையில் மகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டு நானும் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறேன்.

ஆனால் எல்லாம் இனிதே முடிந்தது என்று சொன்னால் அது பொய். மே மாதம் அவர்கள் கிளம்பிய வாரம், மகளின் தோழியுடைய படங்கள், நான் இன்னும் விலகாத அந்த வாட்ஸ்அப் குழு வழியாக என் போனில் வரிசையாக வந்தன. விமான ஜன்னல், யானை, நீல நிறக் கடல். மகளிடம் காட்டலாமா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில் காட்டினேன். அவள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள். விமான ஜன்னலிடம் திரும்பத் திரும்ப வந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நாமளும் ஒருநாள் ஃப்ளைட்ல போவோம்ல?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்று சொல்ல வாய் வந்தது. "போவோம்" என்றேன்.

"எப்ப?"

"மம்மி படிச்சு முடிச்சு, வேலைக்குப் போயி, முதல் வருஷம் ஆனதும்."

அவள் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து, எது என்று காட்டச் சொன்னாள். இந்தக் காலண்டரில் அது இல்லை என்றேன். அவள் டிசம்பர்வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பிறகு அதைத் திருப்பி, பின்பக்க அட்டையையும் பார்த்தாள்.