சிவப்பு பாஸ்போர்ட்டுக்கு ஒரு தேங்காய்

எங்கள் வீட்டு பீரோவில் மூன்று பாஸ்போர்ட்டுகள் இருந்தன. அப்பாவுடையதும் என்னுடையதும் கருநீலம். அம்மாவுடையது மட்டும் சிவப்பு. பெண்கள் கல்யாணம் செய்துகொண்டால் பாஸ்போர்ட் சிவந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விஷயம் அதுவல்ல, அம்மா மலேசியாக்காரி, இந்த ஊரில் இருக்க அவளுக்கு மட்டும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்பது, நாங்கள் ஈப்போவிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த பிறகு என் ஒன்பதாவது வயதில்தான் தெரிந்தது.

ஈப்போவில் அப்பா வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையை மூடிவிட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்பியவர் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் சேர்ந்தார். அங்கே லீவு என்ற சொல்லே முதலாளிக்கு ஆகாது. ஆகவே அம்மாவின் காகித வேலைகள் சித்தப்பாவின் தலையில் விழுந்தன. விழுந்தன என்பதுகூடச் சரியில்லை, அவரே ஓடிவந்து தலையைக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை தாலுகா ஆபீசில் வருமானச் சான்றிதழ் வாங்கியவர் அவர். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் சட்ட நிபுணர்.

எந்தக் காகிதமானாலும் ஐந்து ஜெராக்ஸ் என்பது சித்தப்பாவின் கொள்கை. கல்யாணச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கரண்டு பில் எல்லாவற்றிலும் ஐந்து. என் மூன்றாம் வகுப்பு மார்க் ஷீட்டிலும் ஐந்து. அது எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, “இருக்கட்டும் மதினி. கேட்டா டக்குனு எடுத்து நீட்டலாம்லா, கேட்டோ?” என்றார். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை எந்த சர்க்கார் கேட்டிருந்தாலும் அம்மாவை அன்றைக்கே கப்பல் ஏற்றியிருக்கும்.

எனக்கும் இதில் ஒரு பதவி இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த எட்டு மாதத்தில் மலையாளம் எனக்குத் தொற்றிக்கொண்டது. அம்மாவுக்கு அது வரவில்லை. சந்தையை மலாய் மொழியில் பசார் என்பாள், மீன்காரியிடம் விரலை நீட்டுவாள், மிச்சத்தை நான் பேசுவேன். அம்மாவுக்கே நான்தான் வாய் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அம்மாவின் அனுமதிக்காக வெளிநாட்டவர் பதிவு ஆபீசுக்குப் போவதற்கு நாலு நாள் முன்னால் அம்மா ஈப்போவிலிருக்கும் பெரியம்மாவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “ஒரு வருஷம் இருந்து பாக்குறேன்க்கா. சரிப்பட்டு வரலன்னா கிளம்பி வந்துர்றேன்,” என்றாள். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் திக்கென்றது. வந்துவிடுகிறேன் என்றாளே தவிர, வந்துவிடுகிறோம் என்று சொல்லவில்லை. நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

அன்று காலை முதல் காரியமாகச் சித்தப்பா எங்களைப் பழவங்காடிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் இந்த ஊரில் எந்தக் காகிதமும் நகராது என்றார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியபடியே தேங்காயை ஓங்கி எறிந்தார். தேங்காய் சுக்குநூறாகத்தான் சிதறியது. கை ஓங்கிய வேகத்தில் ஃபைலும் நழுவி, எல்லோருடைய தேங்காய்த் தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்த தரையில் போய் விழுந்தது. சித்தப்பா ஐயோ ஐயோ என்று காகிதங்களை உதறிய அழகைப் பார்த்து, அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆபீசில் எங்களுக்கு வாய்த்த அதிகாரி மூக்குக்கண்ணாடிக்காரர். ஃபைலைத் திறந்ததும் மோந்து பார்த்தார். “தேங்ஙா கணபதிக்கு உடச்சதோ, ஃபயலினு உடச்சதோ?” என்றார். அம்மா களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் என் கடமையை விடாமல், தேங்காய் பிள்ளையாருக்கா ஃபைலுக்கா என்று கேட்கிறார் என்று தமிழில் சொன்னேன். அம்மா மறுபடியும் ஒரு தடவை சிரித்தாள்.

கல்யாணச் சான்றிதழின் ஐந்து ஜெராக்ஸும் ஒன்றோடு ஒன்று ஒட்டி அப்பளமாவு போலாகியிருந்தன. காய்ந்ததாக ஒன்று வேண்டும் என்றார் அதிகாரி. சித்தப்பா பிளாஸ்டிக் உறையிலிருந்த அசலை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். மேஜைக்கு முன்னால் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

அதிகாரி பேனாவைத் திறந்து, “ஒரு கொல்லம் மதியோ, அஞ்சு கொல்லம் வேணோ?” என்று கேட்டார்.

ஒரு வருஷம் போதுமா, ஐந்து வருஷம் வேண்டுமா என்று கேட்கிறார் என்றேன். இதை மட்டும் ஒழுங்காகத்தான் சொன்னேன்.

“ஒரு வருஷம் போதும்னு சொல்லு,” என்றாள் அம்மா.

நான் மேஜையை ஒட்டி நகர்ந்து நின்றேன். அதிகாரியைப் பார்த்து, “அம்மைக்கு எப்போழும் இவிடெ நிக்கணம் சாரே,” என்றேன். அம்மாவுக்கு எப்போதும் இங்கேயே இருக்க வேண்டுமாம்.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். “எப்போழும்னு எழுதான் இதில ஸ்தலமில்லா மோளே. அஞ்சு எழுதாம்,” என்றார். எப்போதும் என்று எழுத இதில் இடமில்லை, ஐந்து என்று எழுதுகிறேன் என்கிறார். பிறகு அம்மாவிடம் நேராகவே, “மோள் பறஞ்சது ஷெரியாணோ?” என்று கேட்டார்.

மகள் சொன்னது சரிதானா என்று கேட்கிறார் என்று நான் மொழிபெயர்ப்பேனா? “கையெழுத்துப் போடச் சொல்றாரும்மா,” என்றேன்.

அம்மா உடனே பேனாவை எடுக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் தலையில் கையை வைத்துக்கொண்டு அதிகாரியிடம், “புள்ள சொன்னதுதான் சார்,” என்றாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போடச் சொன்னால் போட வேண்டியதுதானே, நடுவில் இதென்ன பேச்சு என்றுதான் எனக்குப் பட்டது. சித்தப்பா இந்தத் தடவை பத்து ஜெராக்ஸுடன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஐந்து வருஷம் என்று கேட்டதும், பிள்ளையார் கைவிடவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையாருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்பது எனக்கல்லவா தெரியும். ஒரு பொய்யைச் சொல்லி அம்மாவை இந்த ஊரில் பிடித்துவைத்துவிட்டேன் என்ற பெருமையும் பயமும் பல வருஷங்கள் எனக்குள் இருந்தன. அம்மா ஈப்போவை நினைத்துப் பெருமூச்சு விடும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்வேன். திருவனந்தபுரத்தில் ஒரு ஆபீசருக்குத் தமிழ் புரியாமல் இருக்குமா என்றுகூட யோசித்ததில்லை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் அம்மா சர்பத் வாங்கிக்கொடுத்தாள். பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று, குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதால் அதில் மட்டும் ஐஸ் போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னாள். அத்தனையையும் மலையாளத்தில் சொன்னாள். எனக்கு மட்டும் ஐஸ் இல்லையா என்ற கோபத்தில், அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை.