ஷாமினி சீனியை விட்ட தவக்காலம்

1. கிறீம் போத்தல்

விபூதிப் புதனுக்கு முதல் நாள். மன்னார் டவுனில் என் பியூட்டி பார்லரைத் திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பேசாலை மெற்றில்டா அக்கா உள்ளே வந்து, நான் கொடுத்த கிறீம் போத்தலை மேசையில் டக்கென்று வைத்தார். பின்னால் முகத்தைத் துப்பட்டாவால் மூடியபடி, கலியாணத்துக்காகச் சில மாதமாக என்னிடம் பேசியலுக்கு வரும் அவருடைய மகள் ஷாமினி.

"உம்மட கிறீமாலதான் பிள்ளையின்ர முகம் இப்பிடிப் போனது. ஈஸ்டர் முடியக் கலியாணம். உம்மால ஏலாட்டிச் சொல்லும், நான் வேற இடம் பாக்கிறன்."

ஷாமினி துப்பட்டாவை எடுத்தாள். கன்னம் முழுக்கச் சிவந்த பருக்கள். கண்ணுக்குக் கீழே ஊதல். "இந்த முகத்தோட நான் கோயிலுக்க நடக்கமாட்டன் அக்கா" என்று அழுதாள். கலியாணத்தைத் தள்ளிவைக்கும்படி வீட்டில் கேட்டும்விட்டாளாம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இருபத்துநாலு வருடமாக மணப்பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன், என்னிடமே போத்தலைக் கொண்டுவந்து வைப்பதா? பிறகு பயம் வந்தது. பேசாலையில் ஒரு வீட்டில் பெயர் கெட்டால் ஊர் முழுக்கக் கெட்ட மாதிரி. கிறீமை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளைத் தோல் டொக்டரிடம் அனுப்பினேன்.

அன்று பின்னேரமே ஷாமினி திரும்பி வந்தாள். டொக்டர் மருந்து எழுதிவிட்டு, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டாராம். வெள்ளை மாவும் சீனியும் சிலருக்கு முகத்தில் காட்டும், எல்லோருக்கும் அல்ல, விட்டுப் பார் என்றாராம். அந்தக் கேள்வியை நான் ஒரு மணப்பெண்ணிடமும் கேட்டதில்லை. பேசியல், பிளீச், பவுண்டேஷன் என்று வெளியில் பூசுவதோடு என் படிப்பு முடிந்துவிட்டது.

2. மாமிமார் நீட்டும் தட்டு

ஷாமினிக்கு நண்டு பதனிடும் கொம்பனியில் வேலை. விடிய, பாண் விற்கும் ஓட்டோவில் வாங்கும் இரண்டு பணிஸும் சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும். பத்து மணிக்கு கிறீம் பிஸ்கற். மத்தியானம் வெள்ளைச் சோறு. இரவுக்குத் திரும்பவும் பாண்.

போதாததற்கு, கோயிலில் மூன்று ஞாயிறும் கலியாண ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று ஊருக்கு அறிவித்து முடிந்திருந்தது. ஓலை வாசித்த பெண் என்றால் எங்கள் சனம் சும்மா விடாது. வீட்டுக்கு வீடு கூப்பிட்டு கேக்கும் சோடாவும் நீட்டும்.

"வேண்டாமெண்டு சொல்லன்" என்றேன்.

"ஐயோ, மாமி கோவிப்பா. கலியாணம் வந்தோண்ண பெரிய ஆளாயிட்டியோ எண்டு கேப்பா."

அதுவும் உண்மைதான். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. "நாளைக்குத் தவக்காலம் தொடங்குது. சீனி, பாண், கேக், சோடா எல்லாம் ஒறுத்தல், ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டன் எண்டு சொல்லு. ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

"சாமிக்குப் பொய் சொல்லுறதே அக்கா?"

"பொய் ஏன்? உண்மையா விடு."

விட்டாள். காலையில் குரக்கன் பிட்டும் மீன் குழம்பும், வேலைக்குக் கொண்டுபோக அவித்த பயறு, மத்தியானம் சிவப்பரிசிச் சோறு. மாமிமார் தட்டை நீட்டமுன்பே, "பிள்ளை நல்ல பக்தி" என்று மெச்சத் தொடங்கினார்களாம்.

மூன்றாம் கிழமை பேசியலுக்கு வந்தாள். பரு கொஞ்சம் அடங்கியிருந்தது. சந்தோஷத்தில் நான் வழக்கம்போல ஒரு கிளாஸ் சோடாவும் வேபர்சும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். வருகிற மணப்பெண் எல்லோருக்கும் வைப்பேன். ஷாமினி கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெற்றில்டா அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மாசக்கணக்கா நீரும் இதைத்தான் குடுத்தனீர்! வீணா நான் கிறீமை ஏசினன்."

வெட்கமாகப் போய்விட்டது. நானே கிளாஸை எடுத்துக்கொண்டு போய் வெளியில் ஊற்றினேன். பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

3. கலியாணக் காலை

மருந்தோ, சாப்பாடோ, நல்ல நித்திரையோ, எது எவ்வளவு செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஊதல் வற்றி, முகவெட்டு தெளிவாகத் தெரிந்தது. கன்னத்தில் இரண்டு தழும்பு மட்டும் மிச்சம். அதை மறைக்கக் கன்சீலரை எடுத்தேன். ஷாமினி என் கையைப் பிடித்தாள்.

"அது கிடக்கட்டும் அக்கா. கண்ணாடியில நான் என்னை மாதிரியே இருக்கிறன்."

நான் கன்சீலரை மூடி வைத்தேன். மெற்றில்டா அக்கா மகளின் தலையில் நெற் முக்காட்டைச் சரிசெய்தார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: ஒரு முகத்தில் கை வைக்கமுன் அந்த ஆள் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேளுங்கள். பரு வெடித்திருந்தால் டொக்டரிடம் அனுப்புங்கள், வெட்கப்படாதீர்கள். அன்று நான் கொண்டுபோன மேக்கப் பெட்டியில் பாதியைத் திறக்கவே இல்லை. என் வாழ்நாளில் நான் மிகக் குறைவாக மேக்கப் போட்ட மணப்பெண் அவள்தான். மண்டபத்தில் எட்டுப் பேர் வந்து என் நம்பர் கேட்டார்கள்.