துளையில்லாத காகிதம்

இதில் ஒரு வார்த்தைகூட என் கைச்சரக்கு இல்லை. எக்ஸ்ரே மாமாவுக்கு நடந்தது, அவர் வாயாலேயே கேட்டது. எலும்பு வரை படம் எடுத்துப் பார்த்தால்தான் எதையும் நம்புகிற மனிதர் அவர்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. லீவு நாளில் உளியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அந்த வருஷம், கைப்பிடியைச் சுற்றினால் பாடும் இசைப்பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். உள்ளே காற்றடிக்கும் துருத்தி. மேலே வரிசையாக மரக்குழல்கள். நடுவே ஓடும் காகிதச் சுருள். காகிதத்தில் துளை வருகிற இடத்தில் குழல் பாடும். துளை இல்லையென்றால் கப்சிப். குழல்களுக்கான பலகையைப் பழைய மரக்கடையில் வாங்கியிருந்தார்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் வேலை முடிந்தது. வீட்டில் அவரும் அத்தையும் மட்டும். காற்று எங்காவது கசிகிறதா என்று பார்க்க, துளையே போடாத காகிதத்தை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே வரக் கூடாது.

டொக்... டொக்...

"யாரோ கதவத் தட்றாங்க," என்று அத்தை எழுந்து போனார். திறந்து பார்த்துவிட்டு, "ஒருத்தரையும் காணோமே!" என்றார்.

மாமா மறுபடியும் சுற்றினார்.

டொக்... டொக்... டொக்...

அத்தை மறுபடியும் போய்ப் பார்த்தார். வாசலில் மழை மட்டும். "உங்க பெட்டிதான் தட்டுது போல," என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழல்களுக்குப் பக்கத்தில் காதை வைத்துச் சுற்றினார். உள்ளே யாரோ இருமினார்கள். ஒருவர் இல்லை. பலர்.

சட்டென்று கையை எடுத்தார்.

துருத்தி அடங்கியது. தட்டல் அடங்கவில்லை.

டொக் டொக் டொக் டொக்...

வெளியே ஓடிவிடலாம் என்று வாசல் வரை வந்துவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனவள் எங்கே?

தட்டல் வந்தது பெட்டியிலிருந்து இல்லை. ஸ்டோர் ரூமிலிருந்து.

ஓடினார். கதவில் வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்தது!

திறந்ததும் அத்தை அவர் மேலேயே சாய்ந்தார். மூச்சு முட்ட இருமல்.

"புகை... ஒரே புகைங்க..."

உள்ளே புகை இல்லை. புகை வாசனைகூட இல்லை.

"ஏன் தாழ்ப்பாள் போட்டீங்க? எவ்ளோ கத்தினேன்!"

"நானா? நான் பெட்டிகிட்ட இருந்தேன்டி."

"பொய் சொல்லாதீங்க. கதவுக்குக் கீழ கால் தெரிஞ்சுச்சு. அசையாம நின்னுட்டே இருந்தீங்க..."

மறுநாளே மாமா மரக்கடைக்குப் போனார். அந்தப் பலகை எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"ஒரு பழைய விடுதியோட கதவு சார். அங்க தீப்பிடிச்சுது. தீ கதவு வரைக்கும் வரவே இல்ல. புகைதான்... உள்ள இருந்தவங்க ஒருத்தரும் பிழைக்கல. வெளிய தாழ்ப்பாள் போட்டிருந்துச்சாம்."

"யார் போட்டது?"

"அதான் இன்னைக்கு வரைக்கும் தெரியல."

பெட்டியை எரித்துவிடலாம் என்று மாமா கொல்லைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போனார். தீக்குச்சியை எடுத்த கையை அத்தை பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க... அவங்களுக்கு இன்னொரு தடவையா?"

இருவருமாகக் குழல்களை ஒவ்வொன்றாகப் பிளந்து, திறந்த வெளியில் மழையில் வைத்துவிட்டு வந்தார்கள்.