பதினாலாம் நம்பர் மோட்டார்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி ஆனால் எனக்கு வயிறு கலங்க ஆரம்பிக்கும். மத்தியானம் தின்ற நாட்டுக்கோழிதான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கோழி தின்னாத ஞாயிற்றுக்கிழமையும் கலங்கியது. அப்புறம்தான் புரிந்தது, கோழி மேல் தப்பில்லை, மறுநாள் திங்கட்கிழமை.

என் பெயர் தனபால். கணபதி பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டு வருடமாக டெஸ்டராக இருக்கிறேன். மாட்டி முடித்து வருகிற ஒவ்வொரு மோட்டாரையும் தண்ணீர்த் தொட்டியோடு இணைத்துப் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலில் கசிவு உண்டா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எல்லாம் சரி என்றால் அன்றைய தேதியையும் என் நம்பரான பதினாலையும் மோட்டார் மேல் குத்த வேண்டும். அந்தப் பதினாலில் எனக்கு அபாரப் பெருமை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், இலையில் பாயசம் விழுவதற்குள் பேச்சை எப்படியாவது பதினாலுக்கு இழுத்து வந்துவிடுவேன்.

பந்தியில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. திங்கட்கிழமைகளில் என் பத்து நிமிடம் மூன்று நிமிடம்தான். சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்து, ஓரிரண்டு எண்ணை மாற்றி எழுதிவிட்டு, கையைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பேன். ஆள் ஷெட்டில் இருப்பேன், மனசு முந்தின நாள் குழம்பில் இருக்கும். சனிக்கிழமை ஒழுங்காக ஓடிய அதே ரக மோட்டார் திங்கட்கிழமை மட்டும் கெட்டா போகும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

திருந்தப் பார்க்காமல் இல்லை. விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துப் பார்த்தேன். சளி பிடித்து, செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து போனது. செல்போனில் கோட்டு போட்ட ஒருவர், எழுந்திரு, வெற்றி உனக்காகக் காத்திருக்கிறது என்று கத்துவார். அவரைக் கடைசிவரை கேட்டதில் இரண்டு தடவை கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். பஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. திங்கட்கிழமைக்கென்றே ஒரு புதுச் சட்டையும் எடுத்தேன். என் மனைவி புவனா மேலும் கீழும் பார்த்தாள்.

"சட்டை வேலைக்குப் போகோணும்னுதானுங்க நிக்குது. உள்ள இருக்கறவருக்குத்தான் மனசில்ல."

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் மச்சான் தோட்டத்துக்குப் போனோம். மச்சான் என்றால் புவனாவின் அண்ணன் சுப்பண்ணன். பிப்ரவரிக்குப் பிறகு அப்போதுதான் போகிறோம். மூன்று ஏக்கர் நேந்திரன் வாழை, தார் தள்ளுகிற சமயம். இந்தச் சமயத்தில் தண்ணீர் நின்றால் காய் திரளாது, ஒரு வருடப் பாடு மண்ணாகிவிடும். இவ்வளவு தெரிந்த நான் வண்டியை நிறுத்தியதும் செய்த முதல் காரியம், கோழி வாசம் வருகிறதா என்று மோந்து பார்த்தது. வரவில்லை.

மச்சான் கிணற்று மேட்டில் நின்றிருந்தார். மெக்கானிக் ரவிக்குமார் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்ளே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க. மோட்டார் நாலு நாளா ஓடலீங்க. போன மாசம் வாங்குன புது மோட்டாருங்க. கரண்டு ஏறி எறங்கி, உள்ள கம்பி சுத்துன காயில் எரிஞ்சுபோச்சு."

"எங்க கம்பெனி மோட்டாருங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே மச்சான்?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? மேட்டுப்பாளையத்துக் கடையில ஆறு மோட்டாரை எறக்கிக் காட்டுனாங்க. பதினாலாம் நம்பர் குத்தியிருந்தாத்தான் எடுப்பேன்னு நின்னுபோட்டேன். ஏழாவதா வந்துச்சுங்க. எங்க மாப்ள பாத்து விட்ட மோட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சேன்."

வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ரவிக்குமார் கையில் இருந்த சீல் வளையத்தை நீட்டும் வரைதான்.

"கரண்டு மேல தப்பில்லீங்கண்ணா. இது மொதல்ல இருந்தே கசிஞ்சிருக்குது. தண்ணி உள்ள எறங்கித்தான் காயில் போயிருக்குது. டெஸ்ட் பண்ணுன ஆளு இன்னுங் கொஞ்ச நேரம் நின்னு பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமுங்க."

"ஏப்பா, டெஸ்ட் பண்ணுனவரு இங்கதான் நிக்கறாரு. பாத்துப் பேசு," என்று மச்சான் அவரை அதட்டினார்.

நான் குனிந்து மோட்டார் மேல் இருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தேன். பதினாலு. பக்கத்தில் 10-02-25. பின்னால் புவனா செல்போனில் காலண்டரைத் தேடினாள். எனக்குக் காலண்டர் தேவைப்படவில்லை. அதற்கு முந்தின நாள் இதே தோட்டத்தில், இதே மச்சான் கையால் கோழி தின்றிருந்தேன்.

"திங்கக்கெழமைங்க," என்றாள் புவனா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

பேசாமல் இருந்திருக்கலாம். அவள் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் நாலு நாள் காய்ந்த வாழை இலை மடங்கித் தொங்குவது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

"மச்சான், தப்பு என்னோடதுங்க. பத்து நிமிசம் ஓட்டோணும். நான் மூணு நிமிசத்துல நிறுத்திப்போட்டேன்."

அவர் அந்தச் சீல் வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா மாப்ளே?"

தப்பிக்க அவரே வழி காட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க. திங்கக்கெழமை. வேலை செய்யப் புடிக்கல."

"வாழைக்கு ஞாயிறு திங்கள் ஏதுங்க," என்றார். குரல் உயரவில்லை, 'ங்க'வும் குறையவில்லை. நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் கேட்டு, அவர் கிணற்றிலிருந்து ஓஸ் இழுத்துப் பொழுது சாயும் வரை தண்ணீர் பாய்ச்சினோம். நாலு மணிக்கு வயிறு கலங்கவில்லை. கலங்க நேரமில்லை.

மறுநாள் எட்டு மணிக்கு முன்பே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியதை எழுத முடியாது. இன்னொரு தடவை நடந்தால் அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்பிவிடுவேன் என்றவர், கடைசியில் மச்சானுக்கு மாற்று மோட்டார் கொடுக்க ஒப்புக்கொண்டார். அதை நானே ஓட்டினேன். திங்கட்கிழமையில் பத்து நிமிடம் இத்தனை நீளம் என்று பதினெட்டு வருடத்தில் எனக்குத் தெரியாது. நடுவில் இரண்டு தடவை கடிகாரம் நின்றுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பதினாலைக் குத்தி வேனில் ஏற்றிவிட்டேன். மனசு லேசானது, டீ குடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த மோட்டார் கொடுமுடிக் கடைக்குப் போவது. கொடுமுடியில் எனக்கு மச்சானும் இல்லை, மாமனும் இல்லை. மூன்றாவது நிமிடத்தில் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. அதைப் பிடித்து இழுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் சீலுக்கு அடியில் ஒரு சொட்டு நின்றது. துடைத்தேன். இன்னொன்று வந்தது.

மோட்டாரை நிறுத்தி, தேறவில்லை என்ற சிவப்புச் சீட்டை ஒட்டினேன். பிறகு, இந்தப் பதினெட்டு வருடத்தில் மொத்தம் எத்தனை திங்கட்கிழமை என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். பாதியிலேயே விட்டுவிட்டு, அடுத்த மோட்டாரைத் தொட்டியோடு இணைத்தேன்.