ஜீவானந்தத்தின் இரண்டாவது அடி

வடக்குப்பட்டு ஜீவானந்தத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியாது, கை போய்விட்டிருக்கும். பத்தாம் வகுப்பில் பி.டி. வாத்தியாரின் விசிலைப் பிடுங்கி அவர் மூஞ்சியிலேயே வீசினான். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே ஷேர் ஆட்டோக்காரனோடு கட்டிப் புரண்டு இரண்டு பேருமாகச் சாக்கடையில் விழுந்தார்கள், விழுந்த இடத்திலும் அடித்துக்கொண்டார்கள். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. யாருக்கு ரத்தம் வேண்டும் என்றாலும் ஓடுவான், சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பான். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அது அவன் பேச்சைக் கேட்டதே கிடையாது.

தண்ணீரில் இறங்கினால் மட்டும் ஆள் வேறு. 2015 வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டபோது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, மொட்டை மாடிகளில் மாட்டிக்கொண்டிருந்த பதினோரு பேரை ஒவ்வொருவராக இழுத்து வந்தான். ஒருவரையும் திட்டக்கூட இல்லை.

அப்போது அவன் ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்டிராக்ட் வேலையில் இருந்தான். ஏழு வருஷம் ஒரே லைன். அந்த லைனுக்கு ஒரு சட்டம் உண்டு. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்குரூ பாதி ஏறியிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். சூப்பர்வைசர் வந்து பார்த்துப் பச்சை போட்டால்தான் மறுபடி கை அசையும். மீறினால் மெமோ. ஆறு மாதம் வேலை செய்தவனுக்குக்கூட இது உடம்பில் ஏறிவிடும், ரோட்டில் சிக்னலைப் பார்த்தாலே கையைத் தொங்கவிடுவான்.

அந்த லைனின் சூப்பர்வைசர் ராஜசேகர். ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு ஜீவானந்தத்தின் மனைவி ரஞ்சனிக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. லைன் ஆட்களின் போன் எல்லாம் கேட்டில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் என்பதால், தகவல் ராஜசேகர் மேஜைக்குத்தான் வரும். வந்தது. அன்றைக்கு இரண்டு ஆள் குறைவு, டார்கெட் முடியவில்லை. மனுஷன் வாயைத் திறக்கவில்லை. மூன்றரை மணிக்கு ஷிப்டு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் சாவகாசமாக வந்து, "ஜீவா, வூட்லேர்ந்து போன் வந்துச்சுப்பா, போய் பாரு" என்றார். எப்போது வந்தது என்று கேட்டான். அவர் சொன்னார். ஜீவானந்தத்தின் கையில் ஹெல்மெட் இருந்தது.

ராஜசேகரின் இடது புருவத்தில் ஆறு தையல். ஜீவானந்தத்துக்கு வேலை போச்சு, கேஸ் ஆச்சு. பெற்ற மகள் தென்றலை அவன் மூன்றாம் நாள்தான் பார்த்தான். ரஞ்சனி அதை மறக்கவே இல்லை. "நான் அங்க வலியில கத்திக்கினு கீறேன், நீ இங்க ஒருத்தன அடிச்சிக்கினு கீற" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு தடவை சொன்னபோது அந்தக் கை அவள் மேலேயே விழுந்தது. படுபாவி! கம்மல் கழன்று கன்னத்தில் ரத்தம் வர, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாலாஜாபாத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆறு மாதம் கெஞ்சிக் கூத்தாடி அவளைத் திரும்ப அழைத்து வந்தான். வந்தவள் வாசலிலேயே நின்றுகொண்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "என்ன மட்டும் இல்ல. எவன் மேலயாச்சும் இனிமே கோவத்துல உன் கை பட்டுச்சுன்னா, நானும் புள்ளயும் உனக்கு இல்ல. வெளிய ஆரம்பிக்கிற, அப்பால வூட்டுக்குள்ள வருது."

அவன் தலையாட்டினான். இரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினான் என்றால் ஊரில் யாரும் நம்பவில்லை. ஆனால் உண்மை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கழிமுகத்து ஓரம் ஷாரோன் என்கிற பெண், இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்பு போடும் காயக் படகுகள் வைத்து நடத்துகிறாள். அதில் வழிகாட்டி வேலை. உயிர்காப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வரும் ஐ.டி. ஆட்களையும் காலேஜ் பிள்ளைகளையும் படகில் ஏற்றி, அலையாத்திச் செடிகளுக்குள் சுற்றிக் காட்டிக் கூட்டி வருவான். போதையில் ஒருவன் அவன் மேல் துப்பினான். காது சிவந்தது. தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, "சார், ஜாக்கெட் பக்கிள் போடுங்க" என்றான்.

அப்புறம் வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. ஏதோ கம்பெனி டீம் அவுட்டிங், பதினாலு பேர், ஏழு படகு என்று மட்டும்தான் ஷாரோன் சொல்லியிருந்தாள். வேன் வந்து நின்றது. ஒரே மாதிரி மஞ்சள் டீ-சர்ட், நெஞ்சில் 'பெஸ்ட் லைன்' என்று அச்சடித்து, பதினாலு பேர் இறங்கினார்கள். எல்லாம் புது முகம், ஒன்றைத் தவிர. முன் சீட்டிலிருந்து இறங்கிய ராஜசேகரின் புருவத்தில் தழும்பு பளபளத்தது.

"இன்னாடா ஜீவா, சீட்டு போச்சு, போட்டு கெடச்சுச்சா?" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களிடம் திரும்பி, "டேய், இவன்கிட்ட ஜாக்கிரதையா இருங்கடா. ஹெல்மெட்டாலயே அடிப்பான். பொண்டாட்டிக்கு வலின்னா நம்மள அடிப்பான்" என்றார். கூட்டம் சிரித்தது.

ஜீவானந்தத்துக்குக் காது கொதித்தது. ஆனால், "வாங்க சார்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மணலில் எல்லோரையும் நிற்க வைத்துத் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். "பதினோரு மணிக்கு மேல தண்ணி கடலுக்குத் திரும்பும். முகத்துவாரம் பக்கம் போனா இழுத்துக்கினு போயிடும். நான் இந்த செவப்புத் துடுப்பத் தூக்குனா, எல்லாரும் கரைக்கு வந்துடணும்." பதினாலு பேரும் சரி என்று தலையாட்டினார்கள். இரண்டு வருஷமாக எல்லோருக்கும் அவன் சொல்வது இதைத்தான். வந்தவர்கள் யார் என்று அவன் அன்றைக்கு யோசிக்கவில்லை. ஏழு வருஷம் அதே விளக்குக்கு அடியில் நின்றவனுக்கே தோன்றவில்லை என்றால் என்ன சொல்ல!

காற்று கிளம்பியதும் பத்தே முக்காலுக்கே விசில் ஊதி, சிவப்புத் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கினான்.

ஆறு படகில் கை நின்றது. பன்னிரண்டு பேரும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, அடக்கமாக, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் எங்கே என்று தேடினார்கள். சூப்பர்வைசரோ முதல் படகில், டீ-சர்ட் எழுத்து போட்டோவில் தெரிய வேண்டும் என்று உயிர்காப்பு ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாரிராஜ் என்கிற லைன் பையனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். படகுகள் எல்லாம் மெதுவாகக் கடலைப் பார்த்து நகர ஆரம்பித்தன.

"தொழாவுங்கடா! உக்காந்துகினு இன்னா பண்றீங்க?" ஜீவானந்தம் துடுப்பை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினான். அவன் ஆட்ட ஆட்ட அவர்கள் இன்னும் அசையாமல் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடப் பாவிகளா! துடுப்பைக் கீழே போட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினான். "பச்ச! பச்ச போட்டாச்சுடா! லைன் ஓடுது! ஓட்டுங்கடா!"

ஆறு படகில் பன்னிரண்டு பேரின் கையும் ஒன்றாக அசைந்தது. ஆறும் கரைக்குத் திரும்பின. முதல் படகு திரும்பவில்லை. அது முகத்துவாரத்துக்குள் போய்விட்டது.

கடலும் கழிமுகமும் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் அலை எந்தப் பக்கம் இருந்து வரும் என்று சொல்ல முடியாது. முதல் அலை படகைக் குறுக்கே திருப்பியது, இரண்டாவது கவிழ்த்தது. மாரிராஜ் ஜாக்கெட்டோடு மேலே வந்து படகைப் பிடித்துக்கொண்டான். ராஜசேகர் வரவில்லை. ஜீவானந்தம் தன் படகிலிருந்து குதித்தான். இரண்டு தடவை முங்கித் தேடி, மூன்றாம் தடவை மஞ்சள் துணி கையில் பட்டது. இழுத்து மேலே கொண்டுவந்தான். மேலே வந்த ராஜசேகர் மூச்சு வாங்கவில்லை, அவன் கழுத்தை வாங்கினார். இரண்டு கையாலும் குரல்வளையைச் சுற்றிப் பிடித்து, முட்டியை அவன் வயிற்றில் ஊன்றி, அவன் மேலே ஏறப் பார்த்தார். நகம் சதையில் இறங்கியது. அலை இருவரையும் மணல் திட்டில் கொண்டுபோய் மோதி, திருப்பி இழுத்தது.

பயிற்சியில் சொன்னபடி ஜீவானந்தம் தண்ணீருக்குள் முங்கினான். பிடித்திருப்பவன் பயந்துபோய் விட்டுவிடுவான் என்பது கணக்கு. ராஜசேகர் விடவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு, ஜீவானந்தம் அவர் தாடையில் ஓங்கிக் குத்தினான். எலும்பு சத்தம் கேட்டது. கழுத்தைப் பிடித்திருந்த கை கழன்றது.

அப்புறம் இன்னொரு குத்து விழுந்தது. மூக்கு உடைந்து தண்ணீரெல்லாம் சிவப்பாக ஓடியது.

சட்டையின் கழுத்தைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்து வந்து மணலில் போட்டு, குப்புறத் திருப்பித் தண்ணீரை வாந்தி எடுக்க வைத்துவிட்டு, அவன் முட்டி போட்டு மூச்சு வாங்கினான். அதற்குள் பன்னிரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். கரையிலிருந்து அவர்கள் பார்த்தது இரண்டு குத்து மட்டும்தான். "பழைய பகையடா! சாரக் கொல்லப் பாத்தான்டா!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் முதல் குத்திலிருந்தே போனில் எடுத்தபடி வந்தான். முதல் உதை விலாவில். இரண்டாவது வாயில், பல் ஒன்று உள்ளே விழுந்தது. காது, முதுகு, தொடை என்று கணக்கில்லாமல் விழுந்தது. ஒருவன், அலையில் கரை ஒதுங்கிக் கிடந்த அவனுடைய சிவப்புத் துடுப்பையே எடுத்து வந்து ஓங்கினான். தலையில் விழ இருந்ததை ஜீவானந்தம் கையைக் கொடுத்துத் தடுத்தான். வலது மணிக்கட்டு முறிந்தது, துடுப்பும் முறிந்தது. திருப்பி ஒரு அடி அவன் அடிக்கவில்லை. அடிக்கத் தெரியாதவனா? இடது கை சும்மாதான் இருந்தது.

ஷாரோன் அலறிக்கொண்டு நடுவே புகுந்தாள். மாரிராஜ் அப்போதுதான் கரையேறி, தள்ளாடி வந்து அவன் மேல் கவிழ்ந்து மறைத்தான். "விடுங்கலே! இவருதாம்லே காப்பாத்துனாரு! நான் கிட்டக்க இருந்து பாத்தம்லா! இவரு இல்லன்னா சார் இப்பம் பொணம்லே!" மணலில் கிடந்த ராஜசேகர் ரத்த வாயோடு தலையை ஆட்டினார். கூட்டம் ஒவ்வொரு ஆளாகப் பின்வாங்கியது. ஒருவன் அழ ஆரம்பித்தான்.

மாவுக்கட்டோடு ஜீவானந்தம் வீட்டுக்கு வரும்போது சாயங்காலம் ஐந்து மணி. வீடியோ அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. ஒரகடம் பக்கம் எந்தக் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில்தான் அது போகவில்லை! ரஞ்சனி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெரிய பை, ஜிப் போட்டுத் தயாராக இருந்தது. தென்றல் ஸ்கூல் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஷாரோன் மேடம் பேசுனாங்க" என்றாள் ரஞ்சனி. "அந்த ராஜசேகரும் வாய்ஸ் அனுப்பிச்சான். ஜீவா இல்லன்னா நான் இல்லம்மா, அவன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்லன்னு அழுவுறான். எல்லாம் சரி. நான் கேக்குறதுக்கு நீ பதில் சொல்லு. மொத அடி எதுக்கு?"

"கழுத்தப் புடிச்சவன் வுடல ரஞ்சனி. அடிக்கலன்னா ரெண்டு பேரும் போயிருப்போம்."

"ரெண்டாவது?"

ஊரே அவன் பக்கம் இருந்தது. 'அவன் திரும்பவும் புடிச்சான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், பை அவிழ்ந்துவிடும், ராத்திரிச் சோறு கிடைக்கும். ஜீவானந்தம் உதட்டுத் தையலை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அது எனக்கு" என்றான். "கைய வுட்டுட்டான். மூஞ்சி மேல பாத்துக்கினு மெதந்துச்சு. அந்தத் தழும்பப் பாத்தேன். காலைல சிரிச்சது ஞாபகம் வந்துச்சு. போட்டேன்."

ரஞ்சனி போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியும்" என்றாள். "பத்து தடவ பாத்துட்டேன். மொத அடியிலயே அவன் கை தொங்கிப் போச்சு. நீ மாத்திச் சொல்லுவியான்னு பாத்துக்கினே இருந்தேன்."

"அப்ப போவலையா?" என்று அவன் கேட்டுவிட்டான்.

"போறேன். சொன்னது சொன்னதுதான்யா. எனக்குப் பயமா கீது, அவ்ளோதான்." அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள். "மாத்திச் சொல்லியிருந்தா புள்ளய உன் கண்ணுலயே காட்டியிருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வாலாஜாபாத்துக்கு வா. காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் அவ உன்கூட இருக்கட்டும். ஒரு வாரம் தப்புனாலும் அப்பால கேக்காத."

தென்றல் வந்து மாவுக்கட்டை ஒரு விரலால் தொட்டாள். "யாருப்பா அடிச்சாங்க?"

"மொதல்ல அப்பாதான்டா அடிச்சேன்" என்றான்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து வெறும் வீட்டில் உட்கார்ந்தவன், இடது கையால் தட்டித் தடவி ஷாரோனுக்குப் போன் போட்டான்.

"மேடம், இனிமே ஞாயித்துக்கிழம என்னால வர முடியாது."

"ஜீவா அண்ணா, ஞாயித்துக்கிழமதானே எல்லாருக்கும் லீவு? அன்னிக்குத்தானே நமக்கு ஆளே வருது? மத்த நாள் நான் உங்களுக்கு என்ன வேல குடுப்பேன்?"

"தெரியும் மேடம்" என்றான் ஜீவானந்தம்.